கல் ஏற்றாத தொட்டி

வரதராஜுலுவின் காரியம் முடிந்த நாளிலிருந்து என்னைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. அவருடைய கணினித் திரையில் இறந்துபோன என் கணவரைப் பார்த்ததாக நான் சொன்னேனாம். நான் அப்படிச் சொல்லவில்லை. நான் பார்த்தது குவாரியில் கல் ஏற்றித் தண்டவாளத்தில் விடும் ஒரு தொட்டி வண்டி. அதில் ஆள் இல்லை, கல்லும் இல்லை. கல் இல்லாததுதான் விஷயம். நம் ரயில் ஆர்வலர் வட்டத்தின் இதழுக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது, இதையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டேன்.

செய்தி மாலையில் தொலைபேசியில் வந்தது. பேசியவர் அவருடைய மனைவி ஜானகி. "டீச்சர், அவரு போயிட்டாருங்க. சாப்பிட்டுப்போட்டு சித்தெ படுக்கறேன்னாருங்க. எந்திரிக்கவே இல்லீங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த ரயிலு இன்னும் ஓடிட்டே இருக்குதுங்க டீச்சர். அதை எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியலீங்க. நீங்க வந்து நிறுத்திக் குடுங்க" என்றார்.

எங்கள் வீடுகள் ஒரே தெருவில் இருக்கின்றன. நான் போனபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்து அறையில், யாரும் உட்காராத நாற்காலிக்கு எதிரே, திரையில் தொட்டிகள் மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தன. அவை கீழே போய்ச் சேர்ந்ததும் மறுபடி மேலிருந்து தொடங்கும்படி சோதனைக்காக அவர் வைத்திருந்தார். எந்த விசையை அழுத்தினால் தடை விழும் என்பதை எனக்குக் காட்டித் தந்திருந்தார். அதை அழுத்தினேன். வரிசை நின்றது. முதல் தொட்டி வெறுமையாக இருந்தது.

அவரை அறியாத புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். வரதராஜுலு பஞ்சாலை ஒன்றில் மின் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணினி வாங்கிய பிறகு, அதில் ரயில் ஓட்டும் சிமுலேட்டர்தான் அவருடைய உலகம். அதை யாராவது விளையாட்டு என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஆயத்தமாக வந்த வெளிநாட்டுத் தடங்களை ஓட்டிச் சலித்த பிறகு, சொந்தமாக ஒரு தடம் அமைக்க விரும்பினார். எல்லோரும் ஊட்டி ரயிலைச் சொன்னார்கள். "அது ஓடற ரயிலுங்க, டிக்கெட் வாங்குனா போய்ப் பாத்துக்கலாம். இல்லாமப் போனதைக் கட்டோணுமுங்க" என்றார். பிறகு ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏனுங் மேடம், உங்க குவாரி லைனை நான் கட்டலாமுங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டுவிட்டுச் செய்ததற்குக் காரணம் உண்டு. ஆனைமலை போகும் வழியில் இருந்த அந்தச் சுண்ணாம்புக்கல் குவாரியில் என் கணவர் மேலாளராக இருந்தார். அந்தத் தடத்தில்தான் இறந்தார். தொட்டிகளை இரும்புக் கயிற்றில் கட்டிச் சரிவில் இறக்குவது வழக்கம். கல்லோடு இறங்கும் வரிசையில் கடைசித் தொட்டியில் அவர் ஏறி வந்ததாகவும், பாதிச் சரிவில் தவறி விழுந்ததாகவும் நிறுவனம் எழுதிக் கொடுத்தது. தொட்டியில் ஆள் ஏறக் கூடாது என்று சரிவின் இரு முனையிலும் பலகை வைத்தவர் அவர். ஏறிய ஒருவனை அதே நாளில் வேலையை விட்டு அனுப்பியவரும் அவர்தான். அவரே ஏறினார் என்பதை நான் ஒரு நாளும் நம்பவில்லை. ஏறவில்லை என்பதற்கு என்னிடம் ஆதாரமும் இல்லை. விசாரணை முடிந்து தொட்டிகள் மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் நான் சத்தியமங்கலத்தில் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். அந்தத் தடத்தைப் பிறகு நான் பார்க்கவில்லை. வேலையாட்கள் யாரையும் கேட்கவும் இல்லை. கேட்டால் எனக்கே சந்தேகம் என்று ஆகிவிடும்.

வரதராஜுலு சரிவை அமைத்துவிட்டார், பாறையையும் அமைத்துவிட்டார். தொட்டிதான் கிடைக்கவில்லை. சிமுலேட்டரில் பெரிய எஞ்சின்களும் பயணிகள் பெட்டிகளும் நிறைய இருந்தன. குவாரிக்கும் சுரங்கத்துக்கும் வேண்டிய சிறு வண்டிகளை யாரும் கவனிக்கவில்லை. வெளிநாட்டு ஆர்வலர்கள் தாங்கள் செய்த மாதிரிகளை இணையத்தில் போட்டு வைப்பார்கள். மோடம் கூவிக்கொண்டே இருக்கும், இவர் அதன் எதிரே விசிறியோடு உட்கார்ந்திருப்பார். ஒரு நாட்டின் நிலக்கரி வண்டிக்கு உயரம் அதிகம். இன்னொன்றுக்கு மரப் பக்கங்கள். "ஒரு ஆணி மாறுனாக்கூட அது வேற ஊர் ரயிலாயிப் போகுமுங்க மேடம்" என்பார். கயிற்றைக் காட்ட அந்த நிரலில் வழியில்லை. அதனால் சோதனைக்கு வைத்த வேற்று நாட்டு வண்டிகளின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எஞ்சினை மாட்டினார். அவருடைய துறையில் அது வழக்கமான உத்தியாம். யாரும் இழுக்காமல் வண்டிகள் தாமாக இறங்குவதை முதல் தடவை பார்த்தபோது, நான் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மின்விசிறிக் காற்று என்று அவரிடம் சொன்னேன்.

உண்மையான தொட்டியை அளந்துவிட்டால் தாமே ஒரு மாதிரி செய்துகொள்ளலாம் என்று எண்ணி, குவாரி இருந்த இடத்துக்கு என்னை அழைத்துப் போனார். நிறுவனம் மூடி வெகுகாலமாகிறது. தண்டவாளம் இல்லை. அடிவாரத் தோட்டம் ஒன்றில் ஒரே ஒரு தொட்டி கிடைத்தது. பழைய இரும்போடு வாங்கி, மாட்டுத் தண்ணீருக்காகக் கிணற்றடியில் வைத்திருந்தார்கள். வரதராஜுலு அளவு நாடாவை எடுத்ததும் தோட்டக்காரர் சிரித்தார்.

"ஏனுங்க, அளவெடுக்கறீங்க, சட்டை கிட்டை தைக்கப் போறீங்களா?"

"ஆமாங்க, தீபாவளிக்கு" என்றார் வரதராஜுலு, நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"தைச்சுப்போட்டு எடுத்துட்டே போயிருங்க. எனக்கு இதுனால ஒரு பிரயோசனமும் இல்லீங்க. தண்ணி நெறச்சு வெச்சா மாடு வந்து பக்கத்துல நிக்குது. வாய் வெக்க மாட்டீங்குது. அக்கட்டால இருக்கற சிமிட்டித் தொட்டியில போய்க் குடிக்குது."

துருவின் நாற்றமாக இருக்கும் என்று நான் சொன்னேன். "இருக்குமுங்க" என்றார் தோட்டக்காரர். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. தொட்டியின் வாயோரத்தில், கவிழ்க்கும் பக்கம், எங்கள் குவாரிக் கொல்லர் வைத்த இரட்டை வளையம் இருந்தது. வேறு எங்கும் அப்படி வைப்பதில்லை. தொட்டியைக் கவிழ்க்க மாட்டும் கம்பி நழுவாமலிருக்க என் கணவர் சொல்லி வைத்தது அது. அந்தத் தோட்டத்தில் நான் அதைத் தொடவில்லை.

அளவெடுத்து வந்த வாரத்திலேயே அவர் ஒரு காலையில் என் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். "மேடம், கெடைச்சுப்போச்சுங்க. நாம அளந்த அதே தொட்டி." இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தில் தொகுப்பாக இருந்ததாம். செய்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை. நான் போய்ப் பார்த்தேன். நீள அகலம் சரியாக இருந்தது. வாயோரத்தில் இரட்டை வளையமும் இருந்தது.

அதன் பிறகு நடந்ததைத்தான் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இவ்வளவுதான். அவர் எல்லாத் தொட்டிகளிலும் கல் ஏற்றிய வடிவத்தையே வைத்து வரிசையைச் சேர்த்தார். நான் திரைக்கு முதுகு காட்டி ஜானகி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் நான் எதையும் பார்க்கவில்லை. என் காதில் விழுந்தது ஒரு சத்தம். குவாரிக் குடியிருப்பில் சமையலறை சரிவைப் பார்த்து இருக்கும். கல் ஏறிய தொட்டி அடித்தொண்டையில் உறுமும். வெறுந்தொட்டி கடகடவென்று வாயாடும். வேலை செய்துகொண்டே எது வருகிறது என்று சொல்லிவிடுவேன். உறுமிக்கொண்டு இறங்கிய வரிசைக்கு முன்னால் ஒன்று வாயாடிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன்.

"மிஸ்டர் வரதராஜுலு, முதல் தொட்டியில் ஏன் கல் இல்லை?"

"அதுதானுங் மேடம் எனக்கும் புரியல. எல்லாத்துக்கும் கல்லுப் போட்டுத்தான் உட்டேன். நிறுத்திப்போட்டு மறுக்காச் சேத்திப் பாத்தேன். முன்னால நிக்கறது எதுவோ அது காலியாயிருதுங்க."

"சத்தம்?"

"சத்தமா? எல்லாத்துக்கும் ஒரே சத்தந்தானுங்க வெச்சிருக்கேன். உங்களுக்கு என்ன கேட்டுது?"

ஜானகி குறுக்கே வந்து சொன்னார்: "மாடு வாய் வெக்காததைப் போய் அளந்துட்டு வந்தா அப்படித்தான் ஆகும். மொதல்ல அதைத் தூக்கிப் போடுங்க." வழக்கமாக இதற்கு ஏதாவது பதில் சொல்லிச் சிரிக்க வைப்பவர், அன்று சிரிக்கவில்லை.

அன்றுதான் அவரிடம் எங்கள் குவாரி வழக்கத்தைச் சொன்னேன். ஓர் ஆளைக் கொன்ற தொட்டியில் அதன் பிறகு கல் ஏற்ற மாட்டார்கள். அதைக் கழற்றி ஒதுக்கவும் மாட்டார்கள். ஒதுக்கினால் இறந்தவனைத் தடத்தை விட்டு விரட்டியதாகும் என்று எண்ணினார்கள். துருப்பிடித்து உதிரும் வரை, வரிசையில் அதே இடத்தில், அது வெறுமையாகவே போய் வரும். ஒரு தொட்டிக் கல் வீணாகிறது என்று மேலாளர்கள் முணுமுணுப்பார்கள். என் கணவரும் முணுமுணுத்தார், ஆனால் தடுக்கவில்லை. அவர் ஏறி வந்து விழுந்தார் என்றால், அவருக்குப் பிறகு வெறுமையாக ஓடியிருக்க வேண்டியது கடைசித் தொட்டி. கீழே தடத்தின் ஓரம் நின்றவரை வரிசை வந்து அடித்தது என்றால், முதல் தொட்டி. எது ஓடியது என்று எனக்குத் தெரியாது.

ஒரு சிறு பிழையையும் பொறுக்காதவர் வரதராஜுலு என்பதை நம் வட்டத்தில் எல்லோரும் அறிவோம். இதழில் வரும் கால அட்டவணையில் ஒரு நிமிடம் மாறினால் அவரிடமிருந்து அஞ்சலட்டை வந்துவிடும். "கோளாறுன்னு நெனச்சேனுங்க மேடம். இனி அதைத் தொட மாட்டேன். அது அப்படியே ஓடட்டுமுங்க" என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: "ஆனா இதைச் செஞ்ச கை ஒண்ணு இருக்கோணுமில்லீங்களா. அதைக் கண்டுபுடிச்சுத் தாரேன்."

நம் வட்டத்து இளம் பொறியாளர் ஒருவரும் வந்து பார்த்தார். மாதிரியைச் செய்தவர் விரும்பினால், முன்னால் நிற்பது எப்போதும் காலியாகத் தெரியும்படி தொகுப்புக்குள்ளேயே அமைத்திருக்க முடியும் என்றார். சத்தத்தைப் பற்றி அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கான்வென்டில் பூகோளம் கற்றுக்கொடுத்தவள் நான். விளக்கம் உள்ளதை ஏற்றுக்கொள்வேன். அப்படியானால் எங்கள் சரிவில் வேலை செய்த யாரோ, அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவரோ, எங்கோ உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறார். வரதராஜுலு அந்த இணையப் பக்கத்தைத் திரும்பத் தேடினார். அது கிடைக்கவில்லை. தெரிந்த வெளிநாட்டு ஆர்வலர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டார். அப்படி ஒரு பக்கம் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. அந்தத் தேடல் முடியும் முன்பே அவர் இறந்தார்.

காரியம் முடிந்து, சென்னையிலிருந்து வந்திருந்த மகன், அம்மாவுக்கு உபயோகப்படட்டும் என்று கணினியில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக்கிக் கொடுத்துவிட்டார். நல்ல எண்ணத்தில் செய்தது. அவரோடு நான் சண்டை போட்டேன் என்பதும் தவறு. தொட்டிகளுக்கு வேறு பிரதி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். என் கணவர் தரப்பில் பேசிய ஒரே சாட்சி அந்தத் தொட்டிதான். அது சாட்சி சொன்னதா என்றே எனக்குத் தெரியாது.

வரதராஜுலுவிடமிருந்து நான் வைத்துக்கொண்ட பொருள் எதுவுமில்லை. ஒரு பழக்கம் மட்டும் மனத்தில் நிற்கிறது. நான் வழக்கத்தைச் சொன்ன நாளுக்குப் பிறகு, என் எதிரில் அவர் ஒரு தடவைகூடக் கேட்காமல் அந்த வரிசையை ஓட்டியதில்லை. விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு, திரும்பி, "இறக்கட்டுங்களா மேடம்?" என்பார். நான் தலையசைத்த பிறகுதான் அழுத்துவார். என் கணவர் இறந்த பிறகு அந்தச் சரிவைப் பற்றி என்னிடம் எதையும் கேட்டுச் செய்த ஒரே மனிதர் அவர்.

இதைப் படிப்பவர்களில் அந்தத் தொட்டிகளைச் செய்தவர் இருக்கலாம், செய்தவரைத் தெரிந்தவர் இருக்கலாம், அந்தக் குவாரியில் வேலை செய்தவரோ அவர் பிள்ளைகளோ இருக்கலாம். மேலாளர் சுப்பிரமணியம் இறந்த பிறகு உங்கள் வரிசையில் வெறுமையாக ஓடியது எது, முதல் தொட்டியா, கடைசித் தொட்டியா? இந்த இதழின் முகவரிக்கு, திருமதி விசாலாட்சி என்று என் பெயரிட்டு எழுதுங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம், நேரில் வந்தும் சொல்ல வேண்டாம், எழுத்தில் வேண்டும். ஒரு வரி போதும். கடைசித் தொட்டி என்றாலும் எழுதுங்கள்.