மாதக் கடைசி வரை செல்லும்

எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அதை முதலில் திருப்பிப் பார்ப்பது அவருடைய வழக்கம். பற்பசைக் குழாய் என்றால் அதன் நசுங்கிய வாலை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்ப்பார். மை அழிந்திருந்தால் கட்டைவிரலால் தடவி, அழுத்திப் பதித்த எண்களின் மேடு பள்ளத்தை வைத்தே படித்துவிடுவார். பிஸ்கட் பாக்கெட்டின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் தேதியை நகத்தால் நீவி விரிப்பார். ஒருமுறை உறவுக்காரர் ஒருவர் மகளுடைய கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோதும், பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கத்துக்கு வந்தார்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் இருக்கும் மருந்துக் கிடங்குக்கு அவர் பொறுப்பாளர். பதினாறு வருடங்களாக அங்கே ஒரே சட்டம்: எது முதலில் காலாவதி ஆகுமோ அது அலமாரியின் முன்வரிசைக்கு வர வேண்டும். மூன்று மாதம் மிச்சமிருந்தால் மஞ்சள் ஒட்டு, ஒரு மாதம் என்றால் சிவப்பு. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'காலாவதி'. முகத்துக்கு நேரேயே 'காலாவதி சார்' என்றார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பதவி உயர்வு வராத இடத்தில் பட்டமாவது வந்ததே என்று வைத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி அதே மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சை செய்பவள். வார்டில் பத்து வருடம் நோயாளிகளைத் தூக்கி உட்கார வைத்ததில் அவளுடைய வலது தோள் போய்விட்டது. அதனால் வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை தரும் பிரிவுக்கு மாற்றல் கேட்டாள். கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: ஆறு மாதத்துக்குள் சொந்த வண்டி வேண்டும், இல்லையென்றால் மறுபடி வார்டு. ஐந்து மாதம் அவள் இரண்டு பேருந்து மாறி, தோளில் கருவிப் பையோடு, ஊரில் உள்ள முழங்கால்களை எல்லாம் மடக்கி நீட்டிவிட்டு வந்தாள். இரவில் அவளுடைய தோளுக்கு அவர் தைலம் தேய்த்துவிடுவார். குப்பியின் அடியைப் பார்த்துவிட்டுத்தான்.

ஆறாம் மாதம் இருவரும் பழைய கார் விற்கும் இடத்துக்குப் போனார்கள். எட்டு வயதான ஒரு சின்ன வெள்ளைக் காரை அவள் ஓட்டிப் பார்த்து, ஸ்டியரிங் லேசாகத் திரும்புகிறது, தோளுக்கு வலிக்கவில்லை என்றாள். அவர் ஓட்டவில்லை. டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ரப்பரில் பதித்திருந்த நாலு எண்களைத் தடவிப் படித்தார். எந்த வாரம், எந்த வருடம் செய்த டயர் என்று அதில் இருக்கிறது.

"சார், இருபத்தஞ்சு வருஷமா வண்டி விக்கறேன்" என்றார் வியாபாரி. "டயரை உதைச்சுப் பாத்தவங்க உண்டு. படிச்சுப் பாத்தவர் நீங்க ஒருத்தர்தான்."

டயர் கிழடு என்று ஐயாயிரம் குறைந்தது. விலை மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்று நின்றது. கையில் ஒரு லட்சம் இருந்தது. மீதிக்கு வியாபாரியே நூற்றுக்குப் பதின்மூன்று வட்டியில் கடன் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். வட்டி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் கிடங்கில் உடைந்த புட்டியைப் பார்த்தது மாதிரி முகத்தைச் சுளித்தார். பையிலிருந்து கடன் அட்டையை எடுத்தார்.

"அட்டைன்னா நூத்துக்கு ரெண்டு சேர்த்துத் தரணும் சார்."

"அது வட்டியா?"

"இல்ல, கட்டணம்."

"அப்ப தேய்ங்க."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நான் எல்லாம் யோசிச்சாச்சும்மா. ஒரு பைசா வட்டி கிடையாது" என்றார். இத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு பிரகாசமாக இருந்து அவள் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

அவருடைய திட்டத்தை முதலில் முழுதாகக் கேட்டவர் மருத்துவமனையில் பில் போடும் அக்கா. மதியச் சாப்பாட்டு மேசையில், டப்பா மூடியைப் பலகையாக்கி, மோரில் விரல் தொட்டுப் படம் வரைந்து விளக்கினார்.

"இந்த அட்டையில ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் கடன் நிக்குது. பில் கட்டற தேதிக்கு முன்னாடி இன்னொரு பேங்குல புது அட்டை வாங்கறேன். அவன் இந்தக் கடனை அடைச்சுட்டு, தன் கணக்குல வச்சுக்கறான். ஆறு மாசத்துக்கு வட்டி ஜீரோ. ஆறு மாசம் முடியறப்ப மூணாவது பேங்குக்கு மாத்தறேன். அங்கயும் ஆறு மாசம் ஜீரோ."

"பேங்குக்காரனுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"அவன் நினைப்பு, நாம தேதியை மறந்துடுவோம்னு. தேதி தாண்டினா மாசம் நூத்துக்கு மூணரை. மறக்கறவன்தான் அவனுக்குச் சோறு போடறான். நான் தேதியை மறக்கற ஆளாக்கா?"

"அதெல்லாம் சரி. கடன் எப்பத் தீரும்?"

"தீரணும்னு என்ன அவசரம்? நகர்ந்துட்டே இருந்தா போதும்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்" என்றார் அக்கா. "சோபாவிலருந்து கட்டிலுக்கு நகருவார். கட்டில்லருந்து சோபாவுக்கு. உடம்பு குறைஞ்ச பாடில்லை."

மேசை சிரித்தது. ஆனால் முதல் மாற்றம் சொன்னபடி நடந்தபோது சிரிப்பு மரியாதையாக மாறியது. ஆறு மாதம் கழித்து இரண்டாவது மாற்றமும் நடந்தது. முதல் மாற்றத்துக்கு நூற்றுக்கு இரண்டு, அடுத்ததற்கு மூன்று என்று வங்கிகள் எடுத்துக்கொண்டன. அது கட்டணம், வட்டி அல்ல. புது அட்டைகளுக்கு ஆண்டுச் சந்தா. அதுவும் வட்டி அல்ல. மாதா மாதம் குறைந்தபட்சத் தொகை எவ்வளவோ அதை மட்டும் கட்டினார், ஒரு காசு கூடுதலாகப் போகாமல். எக்ஸ்ரே அறைத் தம்பியும் ஆய்வகத்து அண்ணனும் சந்தேகம் கேட்க அடித்தளத்துக்கே இறங்கி வந்தார்கள். வீட்டில் அட்டைகள் மாத்திரைத் தட்டு ஒன்றில் வரிசையாக நின்றன, ஓரத்தில் மஞ்சள், சிவப்பு ஒட்டுகளோடு.

மனைவி இப்போது நாளுக்கு மூன்று வீட்டுக்குப் பதில் ஆறு வீடு போனாள். பை பின்சீட்டில் உட்கார்ந்து போனது. தைலக் குப்பி பாதியிலேயே நின்றுவிட்டது.

கிழட்டு டயர்கள் ஒரு மழை நாளில் வழுக்கின. நாலு புது டயரும் காருக்குக் காப்பீடும் சேர்த்து முப்பத்திரண்டாயிரத்தை மூன்றாவது அட்டையிலேயே தேய்த்தார். ஜீரோ என்பது வேறு வங்கியிலிருந்து வந்த பழைய கடனுக்கு மட்டும்தான். அதே அட்டையில் புதிதாக வாங்கியதற்கு வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். பில்லில் முளைத்த அந்தப் புது வரியை அவர் பார்த்தார். இதுவும் ஏதோ கட்டணம் என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது வங்கி அனுப்பிய செய்தியில் சலுகை முடிவதற்கு நாள் போடவில்லை. மாதமும் வருடமும் மட்டும். பதினோராம் மாதம். இங்கேதான் பதினாறு வருட அனுபவம் அவருடைய காலை வாரியது. மருந்து அட்டையில் மாதம் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்து செல்லும். கிடங்குக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே அவர் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஆகவே இருபத்து நாலாம் தேதி நாலாவது வங்கிக்கு மாற்றுவது என்று குறித்து, நிம்மதியாகச் சிவப்பு ஒட்டை ஒட்டினார். விவரம் கீழே சின்ன எழுத்தில் தனிப் பக்கமாக இருந்தது. அதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. கைப்பேசியில் வந்த செய்திக்குத் திருப்பிப் பார்க்கப் பின்பக்கம் கிடையாது.

ஒன்பதாம் தேதி பில் வந்தது. சேவை எண்ணுக்கு அழைத்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"சார், உங்க சலுகை ஆறாம் தேதி பில்லோட முடிஞ்சிருச்சு."

"பதினோராம் மாசம்னு நீங்கதான் போட்டிருக்கீங்க. மாசம் முப்பது வரைக்கும் இருக்கும்மா."

"உங்க பில் தேதி ஆறு சார்."

"மருந்துல மாசம் போட்டா கடைசி நாள் வரைக்கும் சாப்பிடலாம். இது உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம்."

"சார், மருந்து சம்பந்தமா பேசணும்னா வேற நம்பருங்க" என்றாள் அவள், உண்மையான அக்கறையோடு.

டயரும் சேர்ந்து ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் நின்றது. அதற்கு மாதம் ஆறாயிரம் வட்டி. நாலாவது வங்கி, ஒரே வருடத்தில் அட்டைக்கு மேல் அட்டையாகக் கேட்கிறவருக்குத் தர இயலாது என்று இரண்டு வரியில் மறுத்தது. முதல் இரண்டு வங்கிகளைக் கேட்டார். பழைய வாடிக்கையாளர்களுக்கு அந்தச் சலுகை இல்லை என்றார்கள். மறுநாள் எக்ஸ்ரே அறைத் தம்பி சந்தேகம் கேட்க வந்தபோது, கிடங்குக்குள் ஏணி மேல் ஏறி நின்று, கணக்கெடுப்பு நடக்கிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, காற்று அடித்துவிட்டு வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனார். வியாபாரி காரைச் சுற்றி நடந்து, இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்றார்.

"போன வருஷம் மூணு நாப்பதுக்கு குடுத்தீங்க. டயர் வேற புதுசு."

"போன வருஷம் வாங்கினது நீங்க. இப்ப வாங்கறது நான்" என்றார் வியாபாரி. "ரெண்டாவது சாவி இருக்கில்ல?"

அது மனைவியின் பையில் இருந்தது. அப்புறம் சொல்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டார். வியாபாரி அப்புறத்துக்குக் காத்திருக்கவில்லை. பழைய தாளில் இருந்த மனைவியின் எண்ணுக்கே மறுநாள் பேசிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"நேத்து வண்டிக்கு எவ்வளவு காத்து அடிச்சாங்க?"

"முப்பத்திரண்டு."

"ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்னு சொன்னாரே."

அவர் கையில் இருந்த உப்பு டப்பாவைத் திருப்பினார். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"வித்துட்டா நான் எங்க போறது, வார்டுக்கா?" என்றாள். "இந்தத் தோளோட?"

"நகர்த்திட்டேதான் இருந்தேன். ஒரே ஒரு தேதி..."

"எல்லாத் தாளையும் எடுத்துட்டு வாங்க."

மாத்திரைத் தட்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தது. தேய்த்ததற்கு, மாற்றியதற்கு, சந்தாவுக்கு என்று அவள் ஒவ்வொன்றாகக் கூட்டினாள். ஆறாம் தேதிக்கு முன்பே பத்தொன்பதாயிரம் போயிருந்தது.

"இது என்ன?"

"கட்டணம்."

"எதுக்கு?"

"வட்டி இல்லாம இருக்கறதுக்கு" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது.

அவள் சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. "நாளைக்கு லீவு போடுங்க. கார் எம் பேருக்கு மாறுது. இனிமே அதை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மறுநாள் கேண்டீனுக்குப் பின்னால் இருக்கும் ஊழியர் கடன் சங்கத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒற்றை அறை; எழுத்தர் ஒருவர்; சுவரில் ஆண்டு மாறாத நாட்காட்டி. அட்டைக் கடன் முழுவதையும் அடைக்கும் அளவுக்குத் தன் பெயரில் கேட்டாள். நூற்றுக்கு ஒன்பது, மூன்று வருடம், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அங்கே கடன் கிடைக்க வழக்கமாக மூன்று வாரமாகும். அவளுக்கு இரண்டு நாளில் கிடைத்தது. எழுத்தர் நல்ல மனிதர் என்று அவர் சொல்லிக்கொண்டார். அட்டைகளைச் சிகிச்சைப் பட்டை வெட்டும் கத்தரிக்கோலால் அவரையே வெட்டச் சொன்னாள். கார் அவள் பெயருக்கு மாறியது. இன்றும் அதில்தான் ஆறு வீடு போய் வருகிறாள். அவர் வேலைக்குப் பேருந்தில் போகிறார்.

இரண்டு நாளில் கிடைத்ததற்கு வேறு காரணம் உண்டு. அதை அவர் இன்னும் அறியமாட்டார். சங்கத்தில் அவளுடைய கோப்பு ஏற்கெனவே இருந்தது. கார் வாங்குவதற்குப் பதினோரு நாள் முன்பு, அதே நூற்றுக்கு ஒன்பதில், இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் அவளுக்கு அனுமதியாகி இருந்தது. கார் வாங்கிய மறுநாள் அவளே அந்தக் கடன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். காரணம் கேட்கும் கட்டத்தில் அவள் கையெழுத்தில் ஒரே வரி: 'கணவர் இலவசமாக ஏற்பாடு செய்துவிட்டார்.'