புழு சாகாத மருந்து

ஓசூரில் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் லைன் வீடுகளுக்கு டேங்கர் தண்ணீர்தான் கதி. வாரம் ஒருமுறை வரும். நீல டிரம்களில் பிடித்து வாசலில் வைத்துக்கொள்வோம். எங்கள் டிரம்மை எட்டிப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். மொத்தமும் கொசுப்புழு. அதை ஒதுக்கிவிட்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டுதான் ஷிப்டுக்கு ஓட வேண்டும். போன மழைக்காலத்தில் என் மனைவி ஆறு மாத கர்ப்பம். கடைசி வீட்டுக்காரருக்கு டெங்கு என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொசு ஒழிப்புக்கு வரும் அக்கா எல்லா டிரம்மிலும் புது மருந்து ஒன்றைப் போட்டார்.

"இதுல புழு உடனே சாகாதுங்க. ஆனா கொசுவா மாறாது. புழுவாவே இருன்னு சொல்ற சுரப்பு ஒண்ணு அது ஒடம்புல இருக்குது, அதே மாதிரிதான் இந்த மருந்தும். தண்ணிய மட்டும் கொட்டிடாதீங்க."

மறுநாள் லைனே கூடி டிரம்களை எட்டிப் பார்த்தது. புழுக்கள் கொழுத்து நெளிந்துகொண்டிருந்தன.

"டூப்ளிகேட் மருந்து தம்பி" என்றார் எதிர் வீட்டு அக்கா. "போன வருசம் பொகை அடிச்சாங்களே, என்னமா கண்ணு எரிஞ்சுது. அது மருந்து."

எங்கள் ஆட்களுக்குக் கண் எரிய வேண்டும், இருமல் வர வேண்டும். அப்போதுதான் மருந்து. அடுத்த டேங்கர் வந்ததும் எல்லோரும் டிரம்மைக் கவிழ்த்து, உள்ளே ஒரு தேய்கூடத் தேய்க்காமல், புதுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டார்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் முட்டை தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். யார் காதில் விழுந்தது?

நான் கொட்டவில்லை. கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் புழுவை மொண்டு, வலைத்துணி கட்டி, டிவி பக்கத்தில் வைத்தேன்.

"கருமம், சோறு திங்கற எடத்துல" என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சில நாட்களில் அவை கூட்டுப்புழுவாகி, தோலைப் பாதி கிழித்து, காலும் இறக்கையும் உள்ளேயே சிக்கிச் செத்து மிதந்தன. அருவருப்பான காட்சிதான். ஆனால் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

எங்கள் டிரம்மில் கொசு பிறக்கவில்லை. மற்ற டிரம்களில் பிறந்தது எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. மனைவிக்குக் காய்ச்சல், டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையின் துடிப்பைத் தேடும்போதெல்லாம் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருவழியாகக் காய்ச்சல் இறங்கி, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். எதிர் வீட்டு அக்கா ஆசையாக ஓடி வந்தார்.

"நீ ஒண்டியா அலையறியேன்னு உன் டிரம்மையும் நாங்களே கவுத்துட்டோம் தம்பி. அந்த மருந்துத் தண்ணியெல்லாம் சாக்கடையில போச்சு. முந்தாநேத்து டேங்கர் வந்தப்பவே புதுத்தண்ணி ரொப்பி வச்சாச்சு."

மூடி இல்லாமல் தளும்பி நின்றது டிரம். எட்டிப் பார்த்தேன். நூல் துணுக்குகள் போலச் சின்னப் புழுக்கள் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தன. அந்த அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், நன்றி சொல்வேன் என்று.