மூன்றாம் மாடி வாளி

என் தம்பிக்கு மூன்று பெண்கள். மூத்தவள் அம்மாவைக் கொண்டவள், வாயே திறக்கமாட்டாள். கடைசிப் பெண் எங்கள் பெரிய அத்தையை உரித்து வைத்தவள், சிரித்தே காரியம் சாதிப்பாள். நடுவிலுள்ளவள் மட்டும் எங்கள் சித்தப்பாவின் பிடிவாதத்தோடு பிறந்துவிட்டாள். சோற்றில் ஒரு கல் பல்லில் பட்டால் தட்டு முழுக்கக் கிளறி இன்னொரு கல்லைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த மனுஷன் சாப்பிடுவார்.

இவள் ஒரு பல்கலைக்கழகத்தில் குப்பைக் கொட்டகைக்குப் பொறுப்பு. பத்தொன்பது வருடம் மாடி மாடியாக ஏறிப் பெருக்கி, வலது முழங்கால் தேய்ந்து, அதன்பிறகு கிடைத்த தரைமட்ட வேலை. நான்கு பெண்களை வைத்துக்கொண்டு, வருகிற குப்பையைப் பிரித்து, மக்குவதை உரக்குழியில் போடவேண்டும். எதையும் இரண்டு தடவை பார்ப்பதால் வளாகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர்.

உரத்தை வாங்கிக்கொள்பவர் தோட்டத்து மேஸ்திரி. இரண்டு வண்டி உரத்தைத் தொடர்ந்து திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டிலும் பொடிப்பொடியாகத் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்கள். செடி நடுகிறவர்களின் நகக்கண்ணில் ஏறிவிட்டது.

"உரம் கேட்டா ஊசி அனுப்புறியேம்மா! வியாழக்கிழமை வண்டியிலயும் இருந்துச்சுன்னா குழியை மூடச் சொல்லி எழுதிடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து கண்ணைக் கசக்காதே."

குழி மூடினால் கொட்டகை மூடும். கொட்டகை மூடினால் இவள் மறுபடி மாடிப்படி ஏறவேண்டும், அந்த முழங்காலோடு. வியாழனுக்கு ஆறு நாள்தான் இருந்தது.

பின் என்றால் காகிதம், காகிதம் என்றால் தேர்வுப் பிரிவு என்று நேரே அங்கே போய்ச் சண்டை பிடித்தாள். அங்கிருந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்க காகிதம் எல்லாம் கட்டுக்கட்டா பழைய பேப்பர் மூட்டைக்குத்தான்மா போகுது. ஒரு தாள் உங்க குழிக்கு வந்திருந்தா காட்டு, நானே தின்னுடறேன்."

விடுதிப் பிள்ளைகளைத் திட்டினாள். சிற்றுண்டிக் கடைக்காரரைத் திட்டினாள். திட்டித் தீர்ந்த பிறகுதான் புத்தி வந்தது. தார்ப்பாயை விரித்து, வந்த வாளிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் துழாவினாள். விடுதி வாளியில் பின் இல்லை. கடை வாளியில் இல்லை. கடைசியாக, கழுவித் துடைத்துப் பளபளவென்று வரும் மூன்றாம் மாடி வாளி. அதில் முழுக்க டீ பேக். ஒவ்வொன்றின் கழுத்திலும், நூலை மடித்துப் பிடித்தபடி, குட்டியாக ஒரு பின்.

மூன்றாம் மாடியில் யார்? குப்பைக் குறைப்புக் குழு! வாரம் மூன்று கூட்டம், கூட்டத்துக்கு இரண்டு டீ.

அதைவிட வயிற்றெரிச்சல், 'டீக் கழிவை இதில் போடவும்' என்று அந்த வாளியில் ஒட்டியிருந்தது இவளே கைப்பட எழுதிய சீட்டு. வீட்டில் தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிக்கிறவள். பைக்குள் டீ இருக்கும், பைக்கு ஒரு பின்னும் இருக்கும் என்று அவள் கண்டாளா?

லிப்ட் பழுது என்று தொங்கவிட்ட அட்டையே பழுப்பேறிக் கிடந்தது. ஒரு கையில் அந்த வாளி, மறு கையில் கைப்பிடி, படிக்கு ஒரு வசவாக ஏறினாள். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேசையில் ஒரு டீ பேக்கை வைத்துப் பின்னைக் காட்டினாள்.

தலைவராக இருந்த பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நல்ல விஷயம்மா. அடுத்த கூட்டத்துல எடுத்துப் பேசலாம்."

"அடுத்த கூட்டத்துக்கும் டீ உண்டா சார்?"

யாரோ சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை. அவர்கள் எதிரிலேயே சீட்டைக் கிழித்தாள், வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இனி வருவது நின்றது. ஏற்கெனவே குழியில் கிடப்பதற்கு என்ன செய்வது? உடைந்த மின்சாமான் குவியலிலிருந்து பழைய ஸ்பீக்கர்களைப் பொறுக்கி, உள்ளிருக்கும் காந்தத்தைக் கழற்றி, கம்பில் கட்டினார்கள். ஐந்து பேரும் நான்கு நாள் உரத்தைக் கோடு கோடாக வாரினார்கள்.

"அக்கா, முடி வாரிச் சடை போட்டுடலாமா?" என்றாள் இருப்பதிலேயே இளையவள்.

"வாயால வாராதடி, கையால வாரு."

வியாழக்கிழமை மேஸ்திரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு முழங்கைவரை கையை உரத்துக்குள் விட்டார். ஐந்து இடத்தில் விட்டார். கையை உதறிக்கொண்டு, "ம், இறக்குங்க" என்றார். ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

அத்தோடு விட்டார்களா? மறுவாரமே குழுவின் சுற்றறிக்கை வந்தது. இனி டீ பேக் கிடையாதாம். பீங்கான் கோப்பையும் கிடையாதாம். மக்கும் காகிதக் கோப்பையில் டீ. குடித்த கோப்பைகள் உரக்குழிக்கு!

"கழுவிக் கவுத்தா முடிஞ்சது அத்தை, அந்தப் பீங்கான்! அதை யாரு நிறுத்தச் சொன்னாங்க?" என்று என் வீட்டு வாசலில் நின்று கத்தினாள். நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்பதுபோல.

முதல் மூட்டை வந்தது. ஒரு கோப்பையை நனைத்து உரித்தாள். உள்ளே வெங்காயத் தோல்போலப் பிளாஸ்டிக் தாள். மூட்டையை அப்படியே கட்டி மூன்றாம் மாடிக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

பேராசிரியர் போன் செய்தார். "என்னம்மா, குப்பையை எங்களுக்கே அனுப்பியிருக்கே?"

"ஒண்ணை ஊறவெச்சு உரிச்சுப் பாருங்க சார். பிளாஸ்டிக் வரலைன்னா நானே மாடியேறி வந்து மொத்தத்தையும் தூக்கிட்டு வரேன். வந்துச்சுன்னா உங்களோடவே இருக்கட்டும்."

மூன்று வாரமாகிறது. மூட்டை இன்னும் மேலேதான் இருக்கிறதாம்.