பத்தடி நண்டும் சவரிமுத்து தம்பியும்

சவரிமுத்து தம்பி போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது, அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதிதான். நல்லவேளை, போன மாதமே நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இல்லையென்றால் எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலை மிதித்திருப்பேன்?

தங்கச்சிமடத்தில் அவர் போட்டோ ஸ்டுடியோ நாற்காலியில் உட்காராதவர்கள், அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களில் குறைவு. எனக்கும் அவருக்கும் நடந்தது சிலருக்குத்தான் தெரியும், அதுவும் பாதி.

மாதா கோவில் கொடியேற்றத்துக்கு, என் பேத்தி ஜெனி எடுத்த குட்டி நண்டுப் படத்தைப் பத்தடி ஃப்ளெக்ஸாக அடித்துத் தெருமுனையில் கட்டினேன். சுண்டுவிரல் நகம் அளவு நண்டு, ஆள் உயரத்துக்கு நின்றது. சின்னதைப் பெரிதாகக் காட்டினால் அதுதான் மேக்ரோ என்று நினைத்து, "மேக்ரோ கலைஞர் ஜெனி" என்று போடச் சொன்னதும் நான்தான்.

தம்பி சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். "படம் அருமையா இருக்குக்கா. ஆனா இது மேக்ரோ இல்ல."

"ஏலே, பாஸ்போர்ட் போட்டோ எடுக்குறவனுக்கு இதெல்லாம் என்னலே தெரியும்?"

கொடியேற்றத்துக்கு வந்திருந்த கூட்டம் சிரித்தது. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெனி சொன்னாள்: "அவுக சொன்னது சரிதான் அப்பத்தா. நண்டு ஓடிரும்னு தள்ளி நின்னு எடுத்தேன். பெறகு வெட்டிப் பெருசாக்குனேன்."

அன்றே ஃப்ளெக்ஸை அவிழ்த்துவிட்டேன். ஸ்டுடியோவுக்குப் போகத்தான் இரண்டு வாரம் கால் வரவில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவர் ஒரு பழைய நெகட்டிவை எடுத்து, பக்கத்தில் ஒரு சோழியை வைத்தார். நெகட்டிவுக்குள் இருந்த சோழியும் வெளியே இருந்த சோழியும் ஒரே அளவு.

"இதான் மேக்ரோ. கேமராவுக்குள்ள விழுற உருவம் நெசப் பொருளு அளவு இருக்கணும். பெறகு பத்தடி அடிச்சாலும் கணக்குல சேராது."

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் அது விளங்கியது. "அப்ப வலையில வந்ததுதான் மீனு. கரைக்கு வந்து கையை விரிச்சுக் காட்டுறது இல்ல."

"அடேயப்பா! நாப்பது வருசமா எனக்கு இப்படிச் சொல்ல வரலையேக்கா" என்று சிரித்தார்.

"நான் அன்னைக்குச் சொன்னத மனசுல வச்சுக்காத தம்பி."

"பாஸ்போர்ட் போட்டோக்காரன்னு தானே சொன்னீக? இந்தத் தீவுல பாதிப் பேரு வெளிநாடு போனது என் போட்டோவோடதான். உங்க மூக்கைத்தான் இன்னும் நேரா எடுக்க முடியல."

அவரிடம் தனியாகக் கேட்ட மன்னிப்பு போதாது. ஏசியது தெருவில் அல்லவா? அன்று சிரித்தவர்கள் எல்லோரும் கேளுங்கள்: சவரிமுத்து தம்பி சொன்னதுதான் சரி. இதைச் சொல்லிவிட்டதில் நெஞ்சு லேசாகிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. ஜெனி எந்தப் படத்தைக் கொண்டுவந்தாலும், "கேமராவுக்குள்ள எம்புட்டு விழுந்துச்சு?" என்று முதலில் கேட்கிறேன்.

"நெசத்துல பாதி அளவுதான் அப்பத்தா" என்கிறாள், கூசாமல்.

பாதி என்றே சொல்லித் தெரு முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டு வருகிறேன்.