இறங்கிய நிலத்தில் இந்திராணி

இந்திராணியை முதன்முதலில் பார்ப்பவர்கள் அவளைக் கோபக்காரி என்பார்கள். பழகியவர்கள், அது ரொம்பக் குறைத்துச் சொன்னது என்பார்கள். ஐம்பத்து நான்கு வயது. ஆள் ஐந்தடிகூட இருக்க மாட்டாள். போர்ட் பிளேரில் ஓர் அரசாங்க நாற்றங்காலில் பத்தொன்பது வருடமாகத் தினக்கூலி மஜ்தூர். ஊருக்கு இப்போது வேறு பெயர் வைத்து, பலகைகளையெல்லாம் மாற்றிவிட்டார்கள். அவள் வாயில் இன்னும் பிளேர்தான். "தரையே இறங்கிப்போச்சு, அத ஒருத்தரும் பலகையில எழுதல. பேர் மாத்த மட்டும் பெயிண்டத் தூக்கிட்டு ஓடி வந்துட்டாங்க" என்பாள்.

அவள் பிறந்தது இலங்கை மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அங்கேயே வளர்ந்து, பால்வெட்டப் பழகி, ராக்கப்பனைக் கட்டிக்கொண்டாள். 2004 டிசம்பரில், சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மேட்டுப்பக்கத்து மரங்களுக்குப் போயிருந்ததால் இவள் தப்பினாள். கரையோர வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ராக்கப்பன் தப்பவில்லை. அதைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும் கடலைத் திட்ட மாட்டாள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்த வீட்டைக் கட்டிக்கொடுத்தவனைத்தான் திட்டுவாள்.

நிவாரண முகாமின் தகரக் கொட்டகையில் கொஞ்ச காலம். பிறகு நாற்றங்கால் வேலை கிடைத்து, உப்பங்கழி ஒன்றை ஒட்டிய வார்டில் வாடகைக்குக் குடிவந்தாள். நிலநடுக்கத்துக்கு முன் அங்கே நெல்வயலும் பாக்குத் தோப்பும் இருந்ததாம். நடுக்கத்தில் தரை ஒரு மீட்டர் போல அமிழ்ந்தது. அன்று உள்ளே வந்த கடல் திரும்பிப் போகவே இல்லை. வயல் உப்புச் சேறாயிற்று. பாக்கு மரங்கள் நின்ற இடத்திலேயே காய்ந்து மொட்டைக் கம்பங்களாயின. வீடுகளைக் கொஞ்சம் மேலே தள்ளித் திரும்பக் கட்டினார்கள். இருந்தும் கீழ் மூன்று தெருக்களில், ஒவ்வோர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் தண்ணீர் வாசல்படியைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

ஒருநாள் பழைய வயல்வரப்பு இருந்த இடத்தில் ஏழெட்டுக் கன்றுகள் தாமாக நிற்பதைப் பார்த்தாள். சுரபுன்னை. உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரவகை. அதன் விதை மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் நீளத்துக்கு வளரும். பிறகு விழுந்து, மிதந்து, சேறு கிடைத்த இடத்தில் குத்திக்கொண்டு நிற்கும். கடல் எதுவரை வருவது என்று முடிவு செய்துவிட்டது, அதன் எதிரே நிறுத்த ஆள் வேண்டும், இதுதான் அந்த ஆள் என்று அவளுக்குப் பட்டது. அவளிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. அலுவலகங்களுக்குக் குரோட்டன்சும், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த புல்லும் வளர்ப்பதுதான் அவள் வேலை. வேலை முடிந்த சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் முழங்கால் சேற்றில் இறங்கி நட்டாள்.

முதல் வருடம் நானூறு நட்டாள். நானூறும் செத்தன. ரொம்பத் தாழ நட்டுவிட்டாள்; கன்றுகள் மூச்சுவிட நேரமில்லாமல் மூழ்கியே கிடந்து அழுகின. சேற்றில் நின்று வாய்விட்டு அழுதாள். பிறகு மூங்கில் கோல்கள் வெட்டி வந்து கழி நெடுக ஊன்றினாள். ஒவ்வோர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் ஏறிய உயரத்தைக் கோலில் பெயிண்டால் கோடு போட்டாள். இரண்டு வருடம் ஒரு கன்றுகூட நடவில்லை, கோடு மட்டும்தான் போட்டாள். அதற்குப் பிறகு நட்டது எதுவும் வீண்போகவில்லை. தினமும் தண்ணீர் வந்துபோகும் இடத்தில் சுரபுன்னை, மாதத்தில் நாலைந்து நாள் மட்டும் வரும் இடத்தில் தில்லை. தில்லைப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று அக்கம்பக்கத்தார் பயந்தார்கள். ரப்பர் பாலில் பாதி ஆயுசைக் கழித்தவளிடம் போய்ப் பாலைப் பற்றிச் சொன்னார்கள்.

இப்போது அந்த மரங்கள் இரண்டாள் உயரம். கீழ்த் தெருவுக்குத் தண்ணீர் வருகிறதே தவிர, அடித்துக்கொண்டு வருவதில்லை. வார்டுக்காரர்கள் அதைக் கவனிக்காமல் இல்லை. கோயிலில் கும்பாபிஷேகம் நடத்தியதன் பலன் என்று அவளிடமே வந்து சொன்னார்கள்.

இந்த நிலைமையில்தான் 'கழிக்கரைப் பூங்கா' திட்டம் வந்தது. கழியோரம் முழுக்க மண்கொட்டிச் சுவர் எழுப்பி, உள்ளே புல்தரை, நடைபாதை, பெஞ்சு, வரிசையாகப் பனைமரம் மாதிரி ஓர் அலங்கார மரம். பெரிய பலகையில் வண்ணப்படம் வைத்தார்கள். படத்தில் பெஞ்சில் ஒரு குடும்பம், அவர்கள் காலடியில் சடைநாய். இந்திராணி வெகுநேரம் பார்த்தாள். அந்தப் படத்தில் நாய்கூட மெயின்லேண்ட் நாய். அவள் மரங்களில் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் உதவிப் பொறியாளர் மகேஷ்குமார் நாற்றங்காலுக்கு வந்தார். பக்கத்துச் சௌல்தாரி ஊர்க்காரர், பாதி இந்தி கலந்த தமிழ். கெட்டவர் அல்ல, மேலே இருந்து வருவதைக் கீழே தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்புகிறவர்.

"இந்திராணிக்கா, வியாழக்கிழமைக்குள்ள அந்த கிரீக் ஓரத்து ஜங்கிள வெட்டி சாஃப் பண்ணிடணும். டிசைன் பண்ணுன மேடம் மெயின்லேண்ட்லேருந்து வர்றாங்க."

"அது ஜங்கிள் இல்ல சாப். நான் நட்டது."

"யாரு நடச் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதனாலதான் ஒழுங்கா வளந்திருக்கு."

உடன் வேலைசெய்யும் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். மகேஷ்குமாருக்கு முகம் சிவந்தது. "எதிர்த்துப் பேசி பஹஸ் பண்ண வேணாம்க்கா. நாலு ஆளக் கூட்டிட்டுப் போய் வெட்டிப் போடுங்க" என்றார்.

"வெட்டுறேன் சாப். மாங்குரோவ வெட்டுன்னு எழுதி, கீழ உங்க பேரப் போட்டுக் குடுங்க."

அப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட அந்தத் தீவில் எந்த அதிகாரிக்கும் கை வராது. கண்டல் மரத்தை வெட்டச் சட்டம் லேசில் விடாது என்பது இந்திராணிக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் வாய்மொழியாக வந்திருந்தார். ஆட்களைப் பார்த்து, அரிவாளை எடுக்கச் சொன்னார். கருவி அறையின் சாவி இந்திராணியிடம் இருந்தது. அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு குரோட்டன்சுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்க யாருக்கு நெஞ்சுரம்?

வியாழக்கிழமை அந்த மேடம், சௌமியா, வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், முப்பது வயதிருக்கும். பேரிடரில் சிதைந்த ஊர்களுக்கு மரமும் மண்ணும் தண்ணீரும் கெடாமல் பூங்காவும் தெருவும் வரைந்து தருவதுதான் அவள் படிப்பே. மகேஷ்குமார் அவளை மாலை நாலு மணிக்குக் கழிக்கரைக்கு அழைத்து வந்தார். அப்போது நீர் வற்றிய நேரம். சேறு காய்ந்த மைதானம் போலக் கிடந்தது. புல்தரை எந்த உயரத்துக்கு வரும் என்று காட்ட, சிவப்புத் தலையுள்ள முளைக்குச்சிகள் வரிசையாக அடித்திருந்தார்கள். பெரிய கடலேற்றத்துக்கும் ஒன்றரை அடி மேலே புல்தரை நிற்கும் என்று வரைபடத்தில் இருந்தது. சௌமியாவுக்குத் திருப்தி. மரங்களை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது இங்கே இருக்குன்னு எனக்குக் குடுத்த சர்வேயில இல்லையே?"

"தானா மொளச்சது மேடம்" என்றார் மகேஷ்குமார்.

இந்திராணி பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குக் காது வரை எரிந்தது. "மேடம், நாளைக்குப் பௌர்ணமி. காலையில பத்து மணிக்கு வாங்க. இந்த சாப் கூட்டிட்டு வரமாட்டாரு, நீங்களே ஆட்டோ புடிச்சு வாங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.

சௌமியா வந்தாள். அவள் ஆட்டோவில் ஏறியது தெரிந்து மகேஷ்குமாரும் பின்னாலேயே பைக்கில் வந்தார். நேற்றைய மைதானத்தைக் காணோம். வரப்பு வரைக்கும் தண்ணீர் ததும்பிக்கொண்டு நின்றது. முளைக்குச்சி ஒன்றுகூடத் தெரியவில்லை. இந்திராணி சேலையை வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் காலால் துழாவி ஒரு குச்சியைக் கண்டுபிடித்தாள்.

"இங்கதான் உங்க பெஞ்சு வருது மேடம். ஒக்காந்து காட்டட்டுமா?"

கேட்டதோடு நிற்கவில்லை, உட்கார்ந்தே காட்டினாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

"ஏறி வாங்கக்கா, முதலை கெடக்கும்!" என்று மகேஷ்குமார் கத்தினார்.

"முதலைக்கு உங்க பார்க்குக்கு மட்டும் வழி தெரியாதா சாப்?"

சௌமியா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. வரைபடத்தை விரித்து, "இந்த உயரம் எங்கேர்ந்து எடுத்தீங்க?" என்று கேட்டாள். மகேஷ்குமார் சாலையோரம் பழைய மதகின்மேல் பதித்திருந்த மட்டக்கல்லைக் காட்டினார். கடல் மட்டத்துக்கு எவ்வளவு மேலே என்று அதில் வெட்டியே இருக்கிறது, அவர் அப்பா காலத்திலிருந்து அந்தத் துறை அளப்பதெல்லாம் அந்தக் கல்லை வைத்துத்தான் என்றார்.

நனைந்த சேலையோடு கரையேறிய இந்திராணிக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றுபோய் ஆத்திரம் வந்தது.

"சாப், அந்தக் கல்லு எதும்மேல நிக்குது?"

"தரைமேல."

"தரை எறங்குறப்ப கல்லு மட்டும் அந்தரத்துலயா நின்னுச்சு? அதுவும் எங்களோடதானே எறங்கிச்சு! வெட்டின எழுத்து அப்படியே இருக்கு, கல்லு கீழ போயிருச்சு. இருவது வருசமா எறங்கின கல்ல வச்சு ஊரக் கட்டிக்கிட்டிருக்கீங்களே, ஒங்களுக்கெல்லாம் நெஞ்சு பதறல? இந்த மாதிரி ஒரு கட்டடத்துலதான் எம்புருசன் படுத்திருந்தாரு."

அவள் தன் மூங்கில் கோல்களைக் காட்டினாள். பதினேழு வருடத்துக் கோடுகள், கோல் உளுத்தபோதெல்லாம் புதுக்கோலுக்கு மாற்றியவை, ஒன்றன்மேல் ஒன்றாக. சௌமியா டேப்பை எடுத்து ஒவ்வொரு கோலாக அளந்தாள். அளந்து முடிக்கத் தண்ணீர் வடிந்தே விட்டது.

மகேஷ்குமார் விடவில்லை. "அப்ப ஒரு மீட்டர் கூட மண்ணு போட்டு ஒசத்திருவோம். பாத் கதம், விசயம் முடிஞ்சுது" என்றார்.

"ஒசத்துங்க. பின்னால மூணு தெரு பள்ளத்துல நிக்குது. மழைத்தண்ணி எந்த வழியா வெளிய போகும்? ஒங்க சுவத்தத் தாண்டிக் குதிக்குமா?"

சௌமியா படத்தைச் சுருட்டினாள். "அவங்க சொல்றதுதான் சார் சரி. இதை நான் திரும்ப வரையணும்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்துப் புதிய வரைபடம் வந்தது. சுவர் மூன்றாம் தெருவுக்குப் பின்னால், மேட்டுக்குப் போய்விட்டது. மரங்கள் நின்ற இடத்தில் மரங்களே நின்றன. தண்ணீர் வந்துபோக இடம் விட்டு, மேலே கால்போட்டு நிற்கும் மரநடைபாதை. பழைய மதகைப் பெரிதாக்கியிருந்தார்கள். குறிப்பில் 'மறுஆய்வின்படி' என்று எழுதியிருந்தது. எந்த மறுஆய்வு, யார் செய்தது என்பதெல்லாம் இல்லை. இந்திராணி அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அலங்கார மரவரிசை இன்னும் ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "இத எவன் கேட்டான்?" என்று மட்டும் ஒரு மூச்சு கத்தினாள்.

மரங்கள் பிழைத்தன. ஆனால் ஒரு தினக்கூலிக்காரி தங்களை முட்டாளாக்கிவிட்டதை மேலிடம் மறக்கவில்லை. அந்த வாரமே மகேஷ்குமார் ஒரு காகிதத்தோடு வந்தார். அவர் அவள் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"ஒங்கள திக்லிபூர் நர்சரிக்கு மாத்தியிருக்காங்கக்கா. திங்கக்கெழமை அங்க ஜாயின் பண்ணணும்."

திக்லிபூருக்கு பஸ்ஸில் ஒரு நாள் முழுக்கப் போக வேண்டும். அங்கே போய்விட்டால் இந்தக் கழியைத் திரும்பப் பார்ப்பது எப்போதோ. அவள் இல்லாத நாளில் ஒருவன் அரிவாளோடு வந்தால் கேட்க ஆளில்லை. இந்திராணி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"டிரான்ஸ்ஃபர் எல்லாம் பர்மனெண்ட் ஆளுக்குத்தானே சாப்? என்னை எங்கேருந்து எங்க மாத்துவீங்க? பத்தொம்போது வருசமா நான் டெம்ப்ரவரின்னுதானே எழுதுறீங்க. மொதல்ல என்னைப் பர்மனெண்ட் ஆக்குங்க. அந்த ஆர்டர் வந்த மறுநாளே பஸ் ஏறுறேன்."

மகேஷ்குமார் காகிதத்தை மறுபடி படித்தார். படிக்கப் படிக்க அவருக்கே அது புரியத் தொடங்கியது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பேச்சு கேக்கலேன்னா நாளைலேருந்து மஸ்டர்ல ஒங்க பேரையே எடுத்துருவாங்க. வயித்துப் பொழப்பு அக்கா, யோசிங்க" என்றார். அதில் கொஞ்சம் அக்கறையும் இருந்தது.

"எடுக்கட்டும். பேரில்லாமலே வருவேன். அங்க நிக்கிற மரத்துல ஒண்ணாவது மஸ்டர்ல பேரு போட்டுக்கிட்டு நட்டதுன்னு காட்டுங்க பாப்போம்."

அன்று இரவு அவள் தூங்கியிருக்க மாட்டாள். வீட்டு வாடகையும் அரிசியும் அந்தக் கூலிப் பட்டியலில் உள்ள பெயரில்தான் வந்துகொண்டிருந்தன. பயமாகத்தான் இருந்தது என்று பின்னாளில் ஒத்துக்கொண்டாள். ஆனாலும் காலை ஏழு மணிக்கு நாற்றங்காலுக்குப் போய், எப்போதும் நிற்கும் இடத்தில், மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றாள்.

மகேஷ்குமார் மஸ்டர் பட்டியலைப் பிரித்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். புஷ்பம். ரெங்கம்மா. சுகுணா. அடுத்த பெயருக்கு முன் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு "இந்திராணி" என்றார்.

"இருக்கேன்" என்றாள்.