உறையாத எண்ணெய்

"…உறையாதுங்கதுதான டீச்சர் நம்ம எண்ணெயோட பெருமையே. தில்லிக் குளிரு அதை என்ன பண்ணிரும்?" என்று கடைக்காரர் சொன்னபோது ஆய்வுக்கூடத்தில் நாங்கள் நான்கு பேர்தான் இருந்தோம். அவர், ஒன்பதாம் வகுப்பில் படித்த அவர் மகள், அறிவியல் டீச்சர், லேப் அசிஸ்டென்டாகிய நான். மகள் தலை நிமிரவே இல்லை.

எழுபதுகளின் கடைசி. தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் எனக்கு வேலை. படித்தது எட்டாவது; மற்றதெல்லாம் சோதனைக்குழாய் கழுவிக் கழுவியே கற்றுக்கொண்டது. எங்கள் லேபில் பூட்டு பெரியது, சாமான் சொற்பம். டீச்சர் அதற்காக அலுத்துக்கொண்டதில்லை. "லேப்ல இல்லாட்டா என்ன, சமையல்கட்டுல இருக்குமே" என்பார். அந்த மார்கழியில் அவர் கேட்டது தேங்காய் எண்ணெய், ஆளுக்கு ஒரு சின்னப் பாட்டில். அதைச் சோதனைக்குழாயில் ஊற்றி ராத்திரி ஜன்னலோரம் வைத்து, உறைந்ததும் வெந்நீரில் இறக்கி, நிமிஷத்துக்கு ஒருதரம் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். உருகும்போது பாதரசம் ஓரிடத்தில் கொஞ்சநேரம் நின்றுவிடும்; பிள்ளைகள் அதைத் தங்கள் கண்ணால் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

குளிர்காலத்தில் எங்கள் வீடுகளில் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைத்து இளகவிட்ட பிறகுதான் பிள்ளைகளுக்குத் தலைவாருவது. அதுவரை பஸ் காத்திருக்குமா? அதனால்தான் கரோல்பாக்கில் இந்தக் கடைக்காரர் விற்ற எண்ணெய்க்கு அத்தனை கிராக்கி. ஜனவரியிலும் உறையாது. என் வீட்டிலும் அதுதான். பாட்டிலைக் கொடுக்கும்போதே அந்தப் பெண், "எங்கப்பா கடைது, ஃபர்ஸ்ட் க்ளாஸ்" என்றாள்.

மறுநாள் காலையில் மற்றக் குழாய்களெல்லாம் வெள்ளை வெளேரென்று இறுகி நிற்க, அவளுடையதும் அதே கடையில் வாங்கிய இரண்டு பேருடையதும் மட்டும் நீர்த்த கஞ்சியாய் ஆடின. தெர்மாமீட்டர் எங்கும் நிற்காமல் ஏறியது. பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ஏய், உங்கப்பா கடலை எண்ணெய் கலக்குறாரு, பக்கா" என்றாள். அவ்வளவுதான். ரிகார்டு நோட்டை மூடிய கடைக்காரர் மகள் மூன்று நாள் அதைத் திறக்கவில்லை. டீச்சர் கையெழுத்து இல்லாமல் செய்முறை மார்க் கிடையாது. பக்கத்துப் பெண்ணின் கணக்கைப் பார்த்து எழுதிவிடம்மா என்று நான்தான் காதோடு சொன்னேன். எங்கள் தொழிலில் அது வழக்கம். உதவி என்றே நினைத்திருந்தேன். அவள் பார்த்த பார்வை இன்றும் கூசுகிறது. பொய்யும் எழுத வரவில்லை அவளுக்கு, நிஜமும் எழுத வரவில்லை.

டீச்சர் அப்பாவை வரச்சொன்னது குற்றம் சாட்டுவதற்கல்ல. பெருமையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஊரிலிருந்து டின்னில் வந்த எண்ணெய் ஒரு குழாய், அவர் கடை எண்ணெய் ஒரு குழாய் என்று முன்னால் வைத்தார்.

"நீங்களே பாருங்க அண்ணாச்சி."

அவர் பிள்ளைகளின் ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முதல் குழாயில் பாதரசம் இருபத்துநாலுக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டாவதில் நிற்கவேயில்லை. தன் எண்ணெயில் இன்னொரு குழாய் வைக்கச் சொன்னார். வைத்தேன். அதிலும் நிற்கவில்லை.

அவருக்கு முன்பே தெரியுமா, மொத்தக் கடைக்காரன் அவரையும் ஏமாற்றினானா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்று பார்த்தது தெரியாதவர் முகம்தான். இப்போது பாக்கெட்டின்மேல் என்னென்னவோ அச்சடித்து வருகிறது. நான் என்னவோ எண்ணெயை ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன்.

அன்று அவர், மகளின் நோட்டை இழுத்து வெற்றுப் பக்கத்தை விரித்தார். சட்டைப்பையிலிருந்த பேனாவை மூடி கழற்றி அவள் கையில் வைத்தார். பிறகு, தன் எண்ணெயில் இன்னொரு குழாயைத் தானே வெந்நீரில் இறக்கி, தெர்மாமீட்டரின்மேல் குனிந்து, ஒவ்வொரு எண்ணாக உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்.