படிக்கட்டில் பேசிய தமிழ்

ஹைதராபாத்தில் தொடர்பியல் முதுகலை சேர்ந்தபோது, வகுப்பில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். மற்றவர்கள் தெலுங்கிலும் இந்தியிலும் சிரித்துப் பேசுவார்கள். அவர்கள் சிரித்து முடித்த பிறகு நானும் கொஞ்சம் சிரித்துவைப்பேன். மதியம் துறையின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து திருநெல்வேலிக்கு, அம்மாவுக்கு, போன் செய்வேன். நாள் முழுக்க நான் வாய்விட்டுப் பேசுவது அந்தப் பத்து நிமிடம்தான். யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் சத்தமாகவே பேசினேன்.

வானொலிப் பாடத்துக்கு இருவர் இருவராக ஓர் ஒலிச்சித்திரம் தயாரிக்கச் சொன்னார்கள். எனக்கு ஜோடியாக வந்தவள் ரயில்வே காலனிப் பெண், அதிகம் பேசாதவள். தேவையானதை மட்டும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்க வந்தவர்களைப் பதிவு செய்தோம். அதில் ஒருவர் விழுப்புரத்துக்காரர். நான் தமிழில் கேட்டதும் தயக்கமில்லாமல் பேசினார். வேலை கிடைத்துவிட்டதென்று வீட்டில் சொல்லி எட்டு மாதமாகிறது, இன்னும் கிடைக்கவில்லை என்றார்.

ஸ்டூடியோவில் அதை ஓடவிட்டு, அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஒரு வார்த்தை தப்பில்லை.

"உனக்குத் தமிழ் தெரியுமா?" என்றேன்.

"வீட்ல தமிழ்தான். புரியும், பேசத்தான் சரியா வராது." திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீ படிக்கட்டுல பேசினதையும் கேட்டேன்."

முந்தின வாரம்தான் அம்மாவிடம் அவளை மரக்கட்டை என்றும், எல்லா வேலையும் என் தலையில்தான் என்றும் சொல்லியிருந்தேன்.

"தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சிரு."

"நக்கோ, அதெல்லாம் வேணாம், விடு. எடிட்டிங் முடிப்போம்."

எங்கள் ஒலிச்சித்திரத்தை ஆசிரியர் வகுப்பில் போட்டுப் பாராட்டினார். மறுநாள் கேன்டீனில் அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். முகம் சுளிக்கவில்லை, டப்பாவிலிருந்த புளியோதரையில் பாதியை எனக்குத் தந்தாள். ஆனால் பேச்சு வளரவில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையில் முடிப்பாள். நாலு மாதம் பக்கத்தில் இருந்தவளிடம் வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அடுத்த பருவத்தில் அவள் பத்திரிகைப் பிரிவுக்குப் போய்விட்டாள். வழியில் பார்த்தால் தலையசைப்பாள். நானும் அசைத்துவிட்டு, தனியாகச் சாப்பிட இடம் தேடிப் போவேன்.